அந்தரங்கமா, தனியுரிமையா? விசாரணைக்கு உட்படும் ஊழியருக்கு உரிய சொல்

மனநல விடுதியில் சிகிச்சை பெற்ற ஒருவர், தம்மைக் காரணமின்றிக் கட்டிலோடு பிணைத்து வைத்ததாகத் தாதி உத்தியோகத்தர் ஒருவர்மீது முறைப்பாடு எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விசாரணை தொடங்கியதும், அந்தத் தாதியைப் பற்றிய எந்தத் தகவலை எவர் பார்க்கலாம், எதை எவரும் தொடக் கூடாது என்ற கேள்வி எழும். ஆங்கிலத்தில் இதற்குப் ‘பிரைவசி’ என்ற ஒரே சொல் போதும். திருகோணமலையில் அலுவலகத் தமிழ் எழுதுவோரின் கையில் அது இரகசியம், அந்தரங்கம், தனியுரிமை, பிரத்தியேகம் என நான்கு வேடம் பூணுகிறது. வேடம் மாறும்போது உரிமையின் எல்லையும் கூடவே மாறிவிடுகிறது.

‘பிரைவசி’யின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘பிரிவாரே’ என்ற வினைக்குப் பறித்தல், இல்லாமற் செய்தல் என்பது பொருள். அதன்வழி வந்த ‘பிரிவாத்துஸ்’ அரச பதவி எதையும் வகிக்காத சாதாரண ஆளைக் குறித்தது. பதவியில் இருப்பவர் ஊருக்குரியவர், பதவி இல்லாதவரே தமக்குரியவர் என்பது உரோமர் கணக்கு. அந்த முதற்பொருளை அப்படியே பிடித்துக்கொண்டால், அரச வைத்தியசாலையில் கடமையாற்றும் தாதிக்கு அந்தரங்கம் என ஒன்று இருக்கவே முடியாது. ‘அரச சம்பளம் வாங்குகிறவருக்கு என்ன மறைவு?’ என்று இன்றும் கேட்போர், தம்மை அறியாமலே அந்த உரோமரின் பக்கம் நிற்கிறார்கள்.

அந்தரங்கம் வடசொல். அந்தர் என்றால் உள், அங்க என்றால் உறுப்பு. இரண்டும் சேர்ந்து ‘உள்ளுறுப்பாக அமைந்தது’ என்று பொருள்படும். இதன் நேர் எதிர்ச்சொல் பகிரங்கம். அது வெளி எனப் பொருள்படும் ‘பஹிஸ்’ என்பதோடு அதே அங்கம் சேர்ந்து உண்டானது. பகிர்ந்துகொள்ளும் அரங்கம் என்று அதைப் பிரித்துக் காட்டுவோரைக் கண்டிருக்கிறேன். கேட்க அழகாக இருந்தாலும் அது பிழையான பிரிப்பு. நம் சட்டத் தமிழில் பகிரங்கம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் அரச நிறுவனங்களைப் ‘பகிரங்க அதிகாரசபை’ என்றே அழைக்கிறது. ஆகவே பகிரங்கத்துக்கு எதிரே நிற்கும் சொல்லைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இரகசியம் வேறு. அதன் வேராகிய ‘ரஹஸ்’ தனிமையான இடத்தைக் குறித்தது என்பது சுவையான செய்திதான். ஆனால் இன்றைய வழக்கில் அது மறைத்து வைக்கப்பட்ட செய்தி என்றே பொருள் தருகிறது. இரகசியம் பேணுவது விசாரணை நடத்துபவரின் கடமை, அந்தரங்கம் விசாரிக்கப்படுபவரின் உரிமை. இந்த இரண்டையும் குழப்பினால் இரு பக்கமும் கேடு விளைகிறது. ‘விசாரணை இரகசியமானது’ என்ற ஒற்றை வரியைக் காட்டி முறைப்பாட்டாளருக்கு முடிவைக்கூடச் சொல்லாமல் விடுகிறார்கள். அதே வேளை தாதியின் பெயரோ தேநீர் நேரத்திலேயே அடுத்த விடுதிக்குப் போய்விடுகிறது.

இந்தப் பரவலுக்குத் தமிழில் நுட்பமான சொற்கள் உண்டு. ஒரு சிலர் மட்டும் அறிந்து முகக்குறிப்பால் பேசிக்கொள்வது அம்பல். பலரும் அறிய வாய்விட்டுப் பேசுவது அலர். முன்னது மொட்டு, பின்னது மலர். அகத்திணைப் பாட்டில் ஒருவரின் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நோயாளியும் ஊழியரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் திருகோணமலை போன்ற நகரத்தில், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் கிளினிக்குக்கு வருவோர் பயணத்தில் கதைத்துக்கொண்டு வரும் நிலையில், அம்பல் அலராக ஒரு வாரம்கூடத் தேவைப்படாது. இதில் மொழிபெயர்ப்பும் ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது. தமிழில் எழுதிய முறைப்பாட்டைச் சிங்களத்துக்கு மாற்றித் தரும்படி அதே விடுதியில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டால், விசாரணை அதிகாரி வாசிக்கும் முன்பே சக ஊழியர் அதை வாசித்துவிடுகிறார்.

சட்டத்தின் நிலை என்ன? இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கம் தனி உரிமையாக எழுதப்படவில்லை. 2015 இன் 19 ஆம் திருத்தம் சேர்த்த 14அ உறுப்புரை, தகவல் பெறும் உரிமையை மட்டுப்படுத்தக்கூடிய காரணங்களுள் ஒன்றாகவே அதைக் குறிப்பிடுகிறது. தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. பொது நடவடிக்கையோடோ பொது நலனோடோ தொடர்பற்ற தனிப்பட்ட தகவலை மறுக்கலாம். எவருடைய மருத்துவப் பதிவையும் அவரது எழுத்துமூல இணக்கமின்றிக் கொடுக்க முடியாது. ஆயினும் வெளியிடுவதிலுள்ள பொது நலன் மேலோங்கினால் மறுப்பு நிற்காது. உரோமர் போட்ட முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது, ஏனெனில் இந்தச் சட்டம் ஆளை அல்ல, செயலையே அளக்கிறது. அன்றிரவு கடமைப் பட்டியலில் யார் இருந்தார், பிணைக்கும்படி யார் பணித்தார், எவ்வளவு நேரம் பிணைத்தார்கள், விடுதிப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்பவை கடமை சார்ந்தவை. அவற்றை அந்தரங்கம் என்று சொல்லி மூடக் கூடாது. தாதியின் வீட்டு முகவரி, குடும்பப் பிணக்கு, கைத்தொலைபேசி ஆகியவை அப்படியல்ல.

மனநலப் பிரிவில் இது மேலும் கூர்மையாகிறது. அங்கு வேலை செய்யும் ஒருவர் தாமே மனச்சோர்வுக்காக அதே வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றிருக்கலாம். அவரது கிளினிக் கோவை அலுமாரியில் எட்டும் தூரத்தில் இருக்கும். ‘இவருக்கே நோய் இருக்கிறதே’ என்று அதை எடுத்து விரிப்பதும், ‘நோயாளி சொன்னதை எப்படி நம்புவது’ என்று முறைப்பாட்டைத் தள்ளுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாக வைத்திருப்பது இருவருக்கும் பொருந்தும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். தனியுரிமை தமிழகத்தில் வழங்கிக் கைத்தொலைபேசிச் செயலிகளின் வழியே இங்கும் பரவிய சொல். இனி அதை ஒதுக்க இயலாது. ஆனால் ‘ஒருவருக்கு மட்டுமே உரிய உரிமை’ என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விசாரணைக் கடிதத்தில் அதை வாசிக்கும் முறைப்பாட்டாளர், ஊழியருக்கு ஏதோ விசேட சலுகை கிடைத்துவிட்டதாக எண்ணக்கூடும். பிரத்தியேகம் நமக்கு ரியூஷன் வகுப்பையும் அமைச்சரின் செயலாளரையும் நினைவூட்டுவதோடு நின்றுவிடும். அந்தரங்கத்துக்கு உடல் சார்ந்த வாடை சிறிது உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் பின்னால் ‘உரிமை’ சேர்ந்ததும் அந்த வாடை போய்விடுகிறது; பகிரங்கம் எங்கே முடிகிறதோ அங்கே அது தொடங்குகிறது என்பதும் சொல்லிலேயே தெரிகிறது. ஆகவே என் தேர்வு அந்தரங்க உரிமையே. விசாரணை அறிவித்தலில் அதை இவ்வாறு எழுதலாம்: ‘தங்களது கடமை தொடர்பான பதிவுகள் மட்டுமே பரிசீலிக்கப்படும், தங்களது அந்தரங்க உரிமைக்கு உட்பட்ட மருத்துவ, குடும்ப விபரங்கள் தங்களது எழுத்துமூல இணக்கமின்றிக் கோரப்படமாட்டாது, விசாரணையின் முடிவு முறைப்பாட்டாளருக்கு அறிவிக்கப்படும்.’