உதடில்லாமல் ‘மக்கா’ சொல்வது எப்படி?

நம் குமரிப் பக்கம் பிரியமாய் விளிக்கும் ‘மக்கா’ என்ற சொல்லை மெல்லச் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்துக்கே உதடுகள் ஒட்டிப் பிரியும். ‘இதழியைந்து பிறக்கும் பகார மகாரம்’ என்கிறது தொல்காப்பியம். (அது அரங்கேறியபோது கேட்ட அதங்கோட்டாசானின் ஊர் நம் விளவங்கோடு வட்டத்து அதங்கோடுதான் என்பார்கள்.) ஆனால் வெறும் அலகை வைத்துக்கொண்டு மலை மைனா இதே சொல்லைச் சொல்லிவிடும்.

நமக்குக் குரல் பிறப்பது குரல்வளையில். பறவைக்கு இன்னும் கீழே, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் கவட்டில். அந்த உறுப்பின் பெயர் சிரிங்க்ஸ். மைனாவுக்கு அதன் இரு பக்கமும் தனித்தனியே அதிரும். கிளிக்கு ஒலி ஒரே இடத்தில்தான் பிறக்கிறது. அதை வார்த்தெடுப்பது தடித்த நாக்கு. இறந்த மாங்க் கிளிகளின் சிரிங்க்ஸ் இருந்த இடத்தில் சிறிய ஒலிபெருக்கியைப் பொருத்தி, நாக்கை நகர்த்திப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள் (2004). ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அசைவே ஒலியை மாற்றியது.

சரி, உதடு? நம் காதுக்கு உதடு தெரியாது. எந்த அதிர்வெண்கள் ஓங்கி ஒலிக்கின்றன என்பதுதான் அதற்குக் கணக்கு. ஆண்குரலில் ‘ஆ’வுக்குச் சுமார் 700, 1,100 ஹெர்ட்ஸ், ‘ஈ’க்கு 300, 2,300 ஹெர்ட்ஸ். மூடிய உதடு திறக்கும்போது இந்த உச்சங்கள் தாழ்விலிருந்து சட்டென ஏறும், நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள். அந்த ஏற்றத்தைத்தான் மூளை ‘ப’ என்றோ ‘ம’ என்றோ எடுத்துக்கொள்கிறது. பறவை வேறு வழியில் அதே ஏற்றத்தை உண்டாக்கினால் போதும், கேட்பவர் ஏமாந்துவிடுவார்.

தென்கொரியாவின் கோஷிக் என்ற யானைக்கு வேறு சிக்கல்: மேலுதடு தும்பிக்கையோடு சேர்ந்துவிட்டதால் வாயைக் குவிக்க முடியாது. அது தும்பிக்கை நுனியை வாய்க்குள் விட்டு ஐந்து கொரியச் சொற்களைச் சொன்னது. உயிரொலி நன்றாக வந்தது, மெய்யொலி சுமார்தான்.

நாக்கைச் சீவினால் கிளி பேசும் என்பது கொடுமையான மூடத்தனம். சொல்லுக்கு வடிவம் தரும் உறுப்பே அதுதான். சீவினால் உள்ளதும் போகும். மிளகாய் கொடுப்பதும் வீண், பறவைக்குக் காரமே உறைக்காது.

பேச்சிப்பாறைக்கு மேலே காட்டில் திரியும் மலை மைனா வேற்றினம் எதையும் போலிசெய்வதில்லை. பக்கத்தில் வாழும் தன் பாலினப் பறவைகளிடம் கூவல்களைக் கற்கிறது. நாகர்கோவில் தமிழும் களியக்காவிளைத் தமிழும் போல இங்கும் வட்டார வழக்கு உண்டு, ஆனால் இன்னும் கறார்: 15 கிலோமீட்டர் தாண்டினால் ஒரு கூவல்கூடப் பொதுவாக இராது. குஞ்சிலேயே கூட்டிலிருந்து எடுத்து வந்தால், அதற்கு அண்டை வீட்டார் மனிதர்கள்தான். அப்போதுதான் ‘மக்கா’ வரும். அப்படி எடுப்பதும் வளர்ப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளிக்கும் இதே சட்டம்தான்.