பாலையில் மழை பெய்தால் குகைக்குப் பூட்டு

சீனாவின் கன்சு மாகாணத்தில், துன்ஹுவாங் நகரிலிருந்து 25 கி.மீ. தொலைவில், பாலைவனத்தின் நடுவே ஒரு செங்குத்துப் பாறை. கி.பி. 366 தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பௌத்தர்கள் அதில் குகை குடைந்துகொண்டே இருந்தார்கள். மொகாவ் குகைகள் என்று பெயர். 492 குகைகளில் ஓவியங்களும் சிலைகளும் உண்டு. சுவரோவியங்களின் பரப்பு மட்டும் 45,000 சதுர மீட்டர். ஆனால் அவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறவருக்குச் சாதாரணச் சீட்டில் காட்டுவது எட்டே குகைகள். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. ஆண்டு முழுக்கச் சேர்ந்தே 40 மி.மீ. அளவுக்குப் பெய்கிற ஊரில் தூறலுக்கு ஏன் இத்தனை பயம்?

சுவருக்குள் உப்பு இருக்கிறது.

கூழாங்கல்லும் மணலும் இறுகிய பாறை இது. உளி வைத்தால் உதிரும். அதனால் சிலைகளைக் களிமண்ணில் பிடித்தார்கள். சுவருக்கு ஆற்று வண்டலில் மணலும் வைக்கோலும் கலந்து பூசினார்கள். அது காய்ந்த பிறகு, பசையில் குழைத்த வண்ணத்தைத் தீட்டினார்கள். ஈரச் சுண்ணாம்பில் வரைந்தால் வண்ணம் சுவரோடு சேர்ந்து இறுகிவிடும். இங்கே அது மெல்லிய தோலாக மேலே ஒட்டியிருப்பதோடு சரி.

(பழைய குகைகளில் கரிய முகங்களைக் கண்டு வியப்பவர்கள் உண்டு. பலவும் வரைந்தபோது கறுப்பல்ல. சிவப்பு ஈய ஆக்சைடு ஒளியும் ஈரமும் பட்டு, கரிய ஈய டை ஆக்சைடாகிவிட்டது.)

மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் ஒரு வரம்பைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். தூய சமையல் உப்புக்கு அந்த வரம்பு ஏறத்தாழ 75 சதவீதம். பல உப்புகள் கலந்தால் இன்னும் கீழே இறங்கும். கரைந்த உப்பு சாந்தின் நுண்துளைகளில் பரவும். காற்று உலர்ந்ததும் அங்கேயே படிகமாகி, துளைச் சுவர்களை நெட்டித் தள்ளும். ஓரிரு முறை என்றால் தெரியாது. நனைவதும் காய்வதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் சாந்து மாவாகிறது, வண்ணம் செதில் செதிலாக எழும்புகிறது.

சும்மா நிற்கும் ஒருவர்கூட மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு ஏறத்தாழ 50 கிராம் நீரை வெளியேற்றுவார். இருபது பேர் சேர்ந்தால் ஒரு லிட்டர். ஆனால் மூச்சைவிடப் பெரிய குற்றவாளி கதவுதான் என்பேன். மூடியிருக்கும்வரை உள்ளே காற்று மிக மெதுவாகத்தான் மாறும். மழை நாளில் திறந்துவிட்டால் ஈரக்காற்று மொத்தமாக உள்ளே புகும். வெளி ஈரப்பதம் 62 சதவீதத்தைத் தாண்டினால் பூட்டிவிடுவது இதனால்தான்.

பழுது பார்ப்பதிலும் இதே சிக்கல். 85ஆம் குகையில் பாறையை விட்டு விலகிய சாந்தை மீண்டும் ஒட்டவைக்க மண்குழம்பைச் செலுத்த வேண்டியிருந்தது. குழம்பில் நீர் உண்டே! உப்பு விழித்துக்கொள்ளும். ஆகவே செலுத்திய கையோடு சுவரில் உறிஞ்சுதாள்களை வைத்து அழுத்தி, நீரையும் அதில் கரைந்த உப்பையும் சேர்த்தே வெளியே இழுத்தார்கள். தாள் ஈரமானால் மாற்றி, மறுபடி அழுத்தி, சுவர் காயும்வரை.