மலைப்பாதைக்கு ஹைபிரிட்: வண்டியைப் பார்க்கும் முன் பாதையைப் பாருங்கள்

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடி திறக்கப்பட்டதிலிருந்து கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "பாஸ், ஹைபிரிட் ஒன்று எடுக்கலாமா?" கேட்பவர்கள் தினமும் தூரம் ஓடுகிறவர்கள். அட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வங்கி ஊழியர், நாவலப்பிட்டியிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் தாதி, கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக மேலே ஏறும் ஆசிரியர். 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியதையும், கியூஆர் கோடு வருவதற்கு முன்னால் வரிசையிலேயே இரவைக் கழித்ததையும் இவர்கள் யாரும் மறக்கவில்லை. எண்ணெய் குறைவாகக் குடிக்கும் வண்டி என்றால் ஆசை வருவது நியாயம்தான்.

எடுக்கலாம் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் எந்தப் பாதையில் ஓடப்போகிறீர்கள் என்பதைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். ஹைபிரிட் வண்டிகளின் மின்பகுதியைப் பார்ப்பது என் தொழில். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சாதாரண வண்டியில் பிரேக் பிடித்தால் அந்த வேகமெல்லாம் பிரேக் தட்டில் சூடாகி வீணாகப் போகிறது. ஹைபிரிட்டில் பெற்றோல் எஞ்சினோடு ஒரு மின்மோட்டாரும் அதற்கான பற்றரியும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் அந்த மோட்டாரைச் சுழற்றி, அந்த வேகத்தில் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்புகின்றன. திரும்ப நகரும்போது அந்த மின்சாரம்தான் வண்டியைத் தள்ளுகிறது. வண்டி நிற்கும்போது எஞ்சினும் அணைந்துவிடும். ஆகவே நின்று நின்று போகும் இடத்தில்தான் இதன் முழு இலாபமும் கிடைக்கும். காலை ஏழரை மணிக்குப் பேராதனையிலிருந்து கண்டி டவுனுக்குள் ஊர்ந்து போகிறவருக்கு ஹைபிரிட் உண்மையிலேயே வரப்பிரசாதம்.

கம்பளை–நுவரெலியாப் பாதை வேறு கதை. கம்பளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர். டொயோட்டா அக்வா ஒன்று, உள்ளே இரண்டு பேர், மொத்தம் 1250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு பாரத்தை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டுமே, வீட்டு மின் மீற்றர் கணக்கில் சொன்னால், நாலரை யுனிட்டுக்கு மேல் சக்தி வேண்டும். அக்வாவின் பற்றரியோ முழுதாக நிறைந்தாலும் ஒரு யுனிட்டுக்குக் குறைவு. அதையும் முழுதாகக் காலியாக்கவோ முழுதாக நிரப்பவோ வண்டியின் கம்ப்யூட்டர் விடாது. ஏறத்தாழ பாதியைத்தான் புழங்கவிடும். புசல்லாவை தாண்டுவதற்குள் பற்றரி இறங்கிவிடும். அதற்கு மேல் இழுப்பது 1500 சிசி எஞ்சின்தான்.

மாலையில் இறங்கும்போது அந்தச் சக்தியெல்லாம் திரும்பக் கிடைக்குமே என்று கேட்பார்கள். அதில் பாதிக்கு மேல் டயர் உராய்வுக்கும் காற்றைக் கிழிப்பதற்கும் போய்விடும். மிஞ்சுவதைப் பற்றரி கொஞ்சம் வாங்கும், சீக்கிரமே நிறைந்துவிடும், அப்புறம் வாங்காது. சாதாரண வண்டியைக் கியரில் விட்டு இறக்கினாலும் எஞ்சினுக்குப் பெற்றோல் போவது கிட்டத்தட்ட நின்றுவிடும் என்பதால், இறக்கத்தில் இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

இதனால் மலைக்கு ஹைபிரிட் ஆகாது என்று ஆகிவிடாது. அந்த எஞ்சினே அட்கின்சன் சுழற்சியில் ஓடும் சிக்கனமான எஞ்சின். வளைவுக்கு வளைவு வேகம் குறைத்துக் கூட்டும் பாதையில் மோட்டார் நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் விளம்பரத்தில் பார்த்த எண்ணை எதிர்பார்த்து வாங்கக்கூடாது. 2011இல் அக்வா வந்தபோது ஜப்பானின் ஜேசி08 சோதனையில் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று காட்டினார்கள். அது உருளை மேல் சக்கரம் சுழலும் ஆய்வுக்கூடச் சோதனை. அங்கே றம்பொடை ஏத்தம் கிடையாது.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். தினமும் போக வர 100 கிலோமீற்றர், மாதம் 22 நாள் என்றால் 2200 கிலோமீற்றர். இப்போதுள்ள வண்டி லீற்றருக்கு 11 ஓடுகிறது என்றால் மாதம் 200 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று எடுத்துக்கொள்வோம். ஹைபிரிட் உங்கள் பாதையில் 22 ஓடினால் 100 லீற்றர் போதும், மிச்சம் 30,000 ரூபா. அதே வண்டி நேர் ஏத்தப் பாதையில் 18தான் தருகிறது என்றால் 122 லீற்றர் ஆகும், மிச்சம் 23,400. இந்த மிச்சத்தை லீசிங் தவணையோடு சேர்த்துப் பாருங்கள். பெற்றோலில் 23,000 மிச்சம் பிடிக்க மாதம் 60,000 ரூபா கூடுதல் தவணை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் முன், அதே பாதையில் அதே வண்டியில் ஓடும் ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். ஃபுல் டேங்க் அடித்து, ஒரு மாதம் ஓடி, மறுபடி ஃபுல் டேங்க் அடித்துப் பார்த்த கணக்கை அவரிடம் கேளுங்கள். டாஷ்போர்டில் தெரியும் எண் போதாது.

இனி இறக்கத்தைப் பற்றி. இதில்தான் எனக்குக் கவலை அதிகம்.

கம்பளைப் பக்கத்து டீச்சர் ஒருவர் புதிதாக வாங்கிய அக்வாவோடு வந்தார். "பாஸ், இறக்கத்துல காலைப் பெடல்ல இருந்து எடுத்துட்டேன், ஆனா எஞ்சின் தானா கத்துது. என்னமோ உடைஞ்சிருச்சு" என்றார். அவரையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் சக்கரத்திலிருந்து பற்றரிக்கு அம்புக்குறி ஓடிக்கொண்டிருந்தது, பற்றரிக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. மேல்கோடு வரை வந்ததும் எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. "இதுதான் பாஸ்!" என்றார். ஒன்றும் உடையவில்லை. பற்றரி நிறைந்துவிட்டால் வரும் மின்சாரத்தை எங்கேயாவது செலவழிக்க வேண்டும். அதற்காக வண்டி, பெற்றோல் ஊற்றாமலேயே எஞ்சினைச் சுற்றிவிடுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், ஆனால் அதன் அர்த்தத்தைத் தெரிந்திருக்க வேண்டும்: மோட்டார் தந்த பிரேக் உதவி இனிக் குறையும், மீதி வேலையெல்லாம் சாதாரண பிரேக்கின் தலையில்தான்.

இதற்காகத்தான் டொயோட்டா ஹைபிரிட்களில் கியரில் வழக்கமாக ஓட்டும் டி நிலைக்குப் பக்கத்தில் 'பி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்தும் பார்க்கிங் வேறு, இது எஞ்சின் பிரேக்குக்கான நிலை. வருடக்கணக்காக அக்வாவும் பிரியஸும் ஓட்டுகிறவர்கள்கூட அதை ஒருமுறையும் போட்டதில்லை என்கிறார்கள். றம்பொடை, கினிகத்தேனை போன்ற நீண்ட இறக்கங்களில், பற்றரி நிறையும் தறுவாயில் அந்த நிலைக்கு மாற்றிவிடுங்கள். சமதரையில் டிக்குத் திரும்பிவிடுங்கள், இல்லாவிட்டால் பெற்றோல் வீணாகும். ஹோண்டாவில் பொதுவாக எல் நிலையோ ஸ்டியரிங் பின்னால் உள்ள துடுப்போ இதே வேலையைச் செய்யும்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டும் பழக்கம் நம் சாரதிகளிடம் இன்னும் இருக்கிறது. ஹைபிரிட்டில் நியூட்ரல் போட்டால் பற்றரியும் சார்ஜ் ஆகாது, எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது. முழுப் பாரமும் பிரேக் பேடில். அது சூடேறிவிட்டால் மிதித்தாலும் பிடிக்காது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 உயிர்கள் போயின. அந்தச் சரிவில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. தயவுசெய்து நியூட்ரலில் உருட்டாதீர்கள், எந்த வண்டியானாலும்.

அடுத்தது பற்றரிக் காற்றாடி. இது சின்ன விசயம், ஆனால் நான் பார்க்கும் பற்றரிச் சாவுகளில் பலவற்றுக்கு இதுவே தொடக்கம். பின் சீட்டின் ஓரத்தில் சல்லடை போட்ட ஒரு வாய் இருக்கும். வண்டிக்குள் இருக்கும் காற்றை அதன் வழியாக இழுத்துத்தான் பற்றரி குளிர்கிறது. நுவரெலியாவில் குளிர்தானே, பற்றரிக்கு என்ன சூடு என்று நினைத்துவிடுகிறோம். ஏத்தத்தில் வெளியே 15 பாகை இருந்தாலும் உள்ளே பற்றரி கொதித்துக்கொண்டிருக்கும். மலையகத்தில் இன்னொரு பிரச்சினை: பின் சீட்டில் எப்போதும் ஸ்வெட்டர், சால்வை, கம்பளி. அந்த நூல்பிசிறெல்லாம் ஈரக்காற்றோடு உள்ளே போகிறது. அண்மையில் ஒரு காற்றாடியைக் கழற்றினேன். இறக்கைகளுக்கு நடுவே இடைவெளியே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் தடித்த துணி ஒன்றை உரிப்பது போல் உரித்தெடுத்தேன். அந்தச் சல்லடையின் மேல்தான் பிள்ளைகளின் பாடசாலைப் பையும் மரக்கறிப் பையும் சாய்ந்திருக்கின்றன. சல்லடையை அடிக்கடி தூசு தட்டுங்கள், காற்றாடியை வருடத்துக்கு ஒருமுறையாவது மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். புதுப் பற்றரியின் விலையோடு பார்த்தால் இதன் கூலி ஒன்றுமே இல்லை.

பாவித்த வண்டி வாங்குகிறவர்களுக்கு: இங்கே ஓடும் ஹைபிரிட்களில் பெரும்பகுதி 2020 இறக்குமதித் தடைக்கு முன்னால் வந்தவை. பலவற்றின் பற்றரிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரியில் 28 செல் பெட்டிகள், அக்வாவில் 20. அதில் ஒன்று பலவீனமானாலும் பி0ஏ80 என்ற பழுதுக் குறியீடு எழும்பி, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். விற்கிறவர் பழுதை வாசிக்கும் ஸ்கேனரைப் போட்டு அந்தக் குறியீட்டை அழித்துவிட்டால் டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டிப்பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. நீண்ட ஏத்தம் ஒன்றில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், ஸ்கேனரோடு ஒரு மெக்கானிக்கும் கூட வரட்டும். பாரம் இழுக்கும்போது ஒரு செல் தொகுதியின் வோல்ட் மட்டும் மற்றவற்றைவிடத் தனியாக விழுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். "பற்றரி செய்தாச்சு" என்றால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பழைய செல்களுக்கு நடுவே ஒன்றிரண்டை மட்டும் மாற்றியிருந்தால், மிச்சமிருப்பவை வரிசையாக விழத் தொடங்கும்.

ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கே வராமல் வண்டி கிளம்பவில்லை என்றால் உடனே பெரிய பற்றரிதான் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பல நேரம் குற்றவாளி சின்ன 12 வோல்ட் பற்றரிதான்.

எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல. சுசுகி வேகன் ஆரில் இருப்பது மைல்ட் ஹைபிரிட். அதன் சின்ன மோட்டார் 660 சிசி எஞ்சினுக்கு ஒத்தாசை செய்யும், தனியாக வண்டியை மலையேற்றாது. தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய்வர அருமையான வண்டி, ஆனால் நாலு பேரோடு தினமும் அட்டன்–கண்டி என்றால் எஞ்சின் பாவம். 2013இல் அறிமுகமான தலைமுறை ஹோண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட்களில் 7 கியர் இரட்டைக் கிளச் கியர்பெட்டி இருக்கிறது. அதன் மென்பொருளுக்காக ஜப்பானில் ஹோண்டாவே 2013, 2014இல் வண்டிகளைத் திருத்தத்துக்குத் திரும்ப அழைக்கும் ரீகோலைப் பலமுறை அறிவித்தது. அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஏத்தத்தில் வாகன வரிசை நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கி வைத்தால் கிளச் சூடேறித் தேயும். பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள், முன்னால் இடைவெளி விழுந்த பிறகு ஒரே எடுப்பில் நகருங்கள்.

அப்புறம் வெள்ளம். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையில் மகாவலிக் கரையோரம் கம்பளைப் பக்கம் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அவற்றில் சில கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். அக்வாவின் பற்றரி பின் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் முழங்கால் அளவு தண்ணீரே அதை எட்டிவிடும். பின் சீட்டைத் தூக்கச் சொல்லுங்கள், கம்பளத்தின் ஓரத்தை விரலால் உயர்த்திப் பாருங்கள், சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். மணல் படிவோ சேற்று வாடையோ இருந்தால் விலையை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். நீங்களாக எதையும் திறந்து பார்க்கவும் வேண்டாம். அங்கே செம்மஞ்சள் உறை போட்டு ஓடும் வயர்களில் உயர் அழுத்த மின்சாரம் போகிறது. சாவியை எடுத்துவிட்டாலும் பற்றரிக்குள் அது அப்படியே இருக்கும். அதைத் தொட வேண்டியவர் கையுறையோடு வரும் தொழில் தெரிந்த ஆள் மட்டும்தான்.