பென்னாகரத்து பாய்லரில் ஒரு ரஷ்ய நாவல்

பள்ளிக்கூட நாட்களில், மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைப் படித்தபோது ‘சமோவார்’ என்று ஒரு சொல் வந்தது. தேநீர் சம்பந்தப்பட்ட பாத்திரம் என்பது மட்டும் பிடிபட்டது, உடனே பென்னாகரம் டீக்கடையின் பித்தளை பாய்லர் வந்து என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. பிற்பாடு படத்தில் பார்த்தால் ரொம்பவும் தப்பில்லை: நடுக் குழாயில் கரி நெருப்பு, சுற்றிலும் தண்ணீர், கீழே திறந்து பிடிக்க ஒரு குழாய். கோளாறு வேறு இடத்தில். பாய்லர் வந்தபோது கடையும் கூடவே வந்துவிட்டது, அதனால் நாவலில் வரும் பணக்கார வீட்டுக் கூடத்தில் விருந்தாளிகள் எல்லாரும் பஸ்ஸுக்கு நேரமானவர்கள் போல நின்றுகொண்டே குடித்தார்கள்.

நம் மூளை படிக்கிற விதமே இதுதான். தாளில் இருப்பது கொஞ்சம், மிச்சத்தைத் தன்னிடம் இருக்கும் சரக்கிலிருந்து நிரப்பிக்கொள்ளும். இந்தச் சரக்குக்கு உளவியலில் ‘ஸ்கீமா’ என்று பெயர். கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களைப் படிக்க வைத்து, இடைவெளி விட்டு விட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். 1932-ல் வந்த அவர் புத்தகத்தில் விளைவு இருக்கிறது: கதையில் வந்த கனூ என்ற ஒடுக்கமான துடுப்புப் படகு சாதாரணப் படகானது, சீல் என்ற கடல் விலங்கின் வேட்டை மீன்பிடிப்பானது, சிலர் எழுதியதில் கதையில் வந்த பேய்களையே காணோம். யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமானது 1979-ல் வெளிவந்த ஒரு ஆய்வு. இந்தியக் கல்யாணம் பற்றி ஒரு கடிதம், அமெரிக்கக் கல்யாணம் பற்றி ஒன்று. அமெரிக்காவில் இருந்த இந்தியர்களும் அமெரிக்கர்களும் இரண்டையும் படித்தார்கள். அவரவர் ஊர்க் கல்யாணத்தை வேகமாகப் படித்தார்கள், கூடுதலாகவும் நினைவில் வைத்திருந்தார்கள். அமெரிக்க மணப்பெண் பாட்டியின் கல்யாண உடையைப் போட்டிருந்தாள். அங்கே அது பெருமை. இந்திய வாசகர் ஒருவரோ, உடை பழசு, இந்தக் காலத்துக்கு ஒத்துவராதது என்று நினைவிலிருந்து எழுதினார்! அந்த வரியில் அவருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

என்னைக் கேட்டால் சமோவாரை விட இதுதான் ஆபத்து. தெரியாத சொல்லில் கண் நிற்கும், இரண்டு வரி பின்னால் போய்ப் பார்க்கும். தெரிந்த சொல்லில் வழுக்கிக்கொண்டு போய்விடும். தர்மபுரிப் பக்கத்துக் கதையில் ‘களியை நன்றாக மென்று தின்றான்’ என்று எழுதிப் பாருங்கள், எங்கள் ஊர்க்காரர் சிரித்துவிடுவார், ஏனென்றால் களியைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவதுதான் வழக்கம். அரிசிச் சோற்று ஊர்க்காரர் சந்தேகமே படாமல் அடுத்த வரிக்குப் போவார்.

சரி, சரக்கு மாறவே மாறாதா? மாறும், அதுவும் சீக்கிரமாக. மூளை திடுக்கிடுவதை அளந்து இதைப் பார்த்திருக்கிறார்கள். ‘சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான்’ என்பது மாதிரி வாக்கியத்தில் பொருந்தாத சொல் வந்ததும், சுமார் 400 மில்லி விநாடியில் மூளையின் மின் அலையில் ஒரு மாற்றம் தெரிகிறது. மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு என்ற இரு ஆய்வாளர்கள் 1980-ல் வெளியிட்டது இது. பெயர் என்400. பிறகு 2006-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் ஒரு குறும்பு செய்தார்கள். ஆடிப் பாடும் வேர்க்கடலை ஒன்றைப் பற்றிக் குட்டிக் கதை சொல்லி, கடைசியில் ‘கடலை காதல்வயப்பட்டிருந்தது’ என்று முடித்தபோது கேட்டவர்களின் மூளை அலட்டிக்கொள்ளவில்லை. ‘கடலையில் உப்புப் போட்டிருந்தது’ என்றபோதுதான் திடுக்கிட்டது. வாழ்நாள் முழுக்கக் கொறித்த கடலையைச் சில வாக்கியங்கள் புரட்டிப் போட்டுவிட்டன. புது நாட்டு நாவலில் முதல் முப்பது பக்கம் இழுத்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் ஓடுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்த ரஷ்ய நாவலைப் போன மாதம் மறுபடி எடுத்தேன். விருந்தாளிகள் இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாய்லர்தான் போக மாட்டேன் என்கிறது, கடைக்காரர் போட்ட விபூதிப் பட்டையோடு.