சளியில் ரத்தம்: "காயில் (coil) வைத்து அடைத்துவிடுங்கள்" என்று கேட்கும் முன்

மறுபடியும் ஒருவர். இருமினால் ரத்தம் என்று முன்பே ஓரிடத்தில், ரத்தம் வரும் தமனிக்குள் காயில் என்ற கம்பிச் சுருளை வைத்து அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது திரும்பவும் ரத்தம். ஆஞ்சியோவில், அதாவது எக்ஸ்ரேயில் தெரியும் டை என்ற திரவத்தை ரத்தக்குழாய்க்குள் செலுத்தி எடுக்கும் படத்தில் பார்த்தால், மூச்சுக்குழாய்த் தமனி பெருந்தமனியிலிருந்து கிளம்பும் வாயிலேயே கம்பிச் சுருள் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அப்பால் கெட்டுப்போன நுரையீரலுக்கு ரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அடைக்கும் பொருளைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாயான கதீட்டர் நுழையும் வழி மட்டும் அடைந்துபோனது.

"உலோகம்தானே டாக்டர் நிரந்தரம்? பணம் எவ்வளவானாலும் அதையே வையுங்கள்" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கேட்பது அன்பால்தான். ஆனால் நிரந்தரமாக இருக்கவேண்டியது பொருள் அல்ல, அடைப்பு. அதுவும் சரியான இடத்தில். மதகை மட்டும் மூடினால் பக்கத்து வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாயும். பழைய காசநோய்த் தழும்பும் மூச்சுக்குழாய் விரிவும் உள்ள நுரையீரல் அந்த வயல் மாதிரி. மூச்சுக்குழாய்த் தமனியின் வாயை அடைத்தால் விலா எலும்பிடைத் தமனி, மார்பின் உட்புறத் தமனி, உதரவிதானத் தமனி என்று எங்கிருந்தாவது ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே கிளைகளின் நுனிவரை போய் அடைக்க வேண்டும். வாயைத் திறந்தே விடவேண்டும். நாளை திரும்ப ரத்தம் வந்தால் அந்த வழியாகத்தானே போகவேண்டும்? காயிலுக்கும் இடம் உண்டு: நுரையீரல் தமனியில் வீக்கம் உடைந்து ரத்தம் வரும்போதும், அடைக்க விடும் துகள் தப்பான கிளைக்குள் போகாமல் காக்கவும். அவ்வளவுதான்.

வழக்கமாக அடைக்க எடுப்பது பிவிஏ என்ற பிளாஸ்டிக் துகள், 350–500 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). டையில் நீர்க்கக் கலந்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்ல விடவேண்டும். கெட்டியாகக் கலந்தால், துகள் போகும் மிக மெல்லிய மைக்ரோகதீட்டரே அடைத்துக்கொள்ளும். ஓட்டம் தேங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அழுத்தித் தள்ளினால் பெருந்தமனிக்குத் திரும்பி வழியும். 325 மைக்ரானுக்குக் கீழே போகவே கூடாது. நுரையீரலுக்குள் இருக்கும் குறுக்குப் பாதைகள் வழியாகத் துகள் மறுபக்கம் கடந்துவிடலாம், மூச்சுக்குழாய்ச் சுவரும் அழுகலாம். பிவிஏவுக்குப் பதிலாக விடும் உருண்டை மணிகள் வழுவழுப்பானவை, அதே அளவில் பிவிஏவைவிட ஆழமாகப் போகும். அதனால் ஒரு படி பெரிதாக, 500–700 எடுப்பதே நல்லது.

ஜெல்ஃபோம் என்ற ஜெலட்டின் பஞ்சு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் சில வாரங்களில் கரைந்துவிடும். உயிர் போகிற நேரத்தில் அதுவே கைகொடுக்கும்.

என்பிசிஏ என்ற மருத்துவப் பசை ரத்தம் பட்டதும் இறுகும். பசையைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு லிப்பியோடால் என்ற எண்ணெய் டை சேர்த்து விடுவார்கள். கதீட்டரை 5% டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும், சலைன் பட்டால் உள்ளேயே இறுகிப்போகும். பசையை விட்டதும் கதீட்டரை உருவி எடுக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பிவிஏவோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் பசை போட்டவர்களுக்கு ரத்தம் திரும்புவது குறைவு. ஆனால் இது கை பழகியவர்கள் செய்யவேண்டியது.

எந்தப் பொருளானாலும், தண்டுவடத்துக்குப் போகும் தமனி கொண்டை ஊசி வளைவாகப் படத்தில் தெரிந்தால், கதீட்டர் அதைத் தாண்டும்வரை எதையும் விடக்கூடாது. தாண்ட முடியாவிட்டால் அந்தத் தமனியைத் தொடாமல் வெளியே வருவதே சரி. கால் செயலிழந்த பிறகு வருந்திப் பயனில்லை.

நோயாளிகளே, ரத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுங்கள். எந்தப் பக்கத்து நுரையீரலில் நோய் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கட்டும். இங்கே உயிரை எடுப்பது பெரும்பாலும் மூச்சடைப்புதான். மூச்சுப்பாதையின் கொள்ளளவே ஏறத்தாழ 150 மில்லிதான். "காலையில் பார்க்கலாம்" என்று தயவுசெய்து இருக்காதீர்கள். ரத்தம் கட்டிப்போகாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். அடைத்த பின் சில நாள் நெஞ்சுவலியும் லேசான காய்ச்சலும் வரும், பயப்பட வேண்டாம். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் போகாவிட்டாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள். அடைப்பு ரத்தத்தை மட்டுமே நிறுத்தும். காசநோய் மாத்திரையை நடுவில் விட்டால் நோய் வளரத்தான் செய்யும். பழைய பொந்துக்குள் பூஞ்சை உருண்டை இருந்தால், அறுவைச் சிகிச்சையையும் பேசத்தான் வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தத் தமனி, என்ன பொருள், எத்தனை மைக்ரான் என்று எழுதி வாங்குங்கள். ஆஞ்சியோ படம் பதிந்த சிடியையும் (CD) கேட்டு வாங்கி, சீட்டோடு பத்திரமாக வையுங்கள்.