தையல் இயந்திரம் கொடுத்தாச்சு, அப்புறம்?

திங்கட்கிழமை மனுநாளில் சேலம் கலெக்டர் ஆபீஸுக்கு வரும் மாற்றுத்திறனாளிகள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். உதவித்தொகை, இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், பெட்டிக்கடைக்குக் கடன், மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம். எல்லாமே நியாயமான கோரிக்கைகள். ஆனால் 'இந்த உடம்போடு எனக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்லுங்கள், அந்த வேலையில் நான் நிலைக்கும் வரை கூட இருங்கள்' என்று எழுதிய மனுவை நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்கலாம் என்றே பலருக்குத் தெரியாது. தொழில்சார் மறுவாழ்வு என்பது அதுதான்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். விபத்துக்கும் பக்கவாதத்துக்கும் பிறகு மனிதர்களை மறுபடி வேலைக்கு அனுப்புவது என் தொழிலில் பாதி.

ஏற்காட்டுப் பக்கம் காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக்கொடி ஏறியிருக்கும். பறிக்கிறவர் ஏணியில் ஏறவேண்டும். அப்படி விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவர் எங்களிடம் வந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீட்டில் அவருக்கு ஏற்கெனவே ஒரு தையல் இயந்திரம் இருந்தது. பயிற்சியும் முடித்திருந்தார். இயந்திரத்தின் மேல் துணி போர்த்தி, செல்போன் சார்ஜர் வைத்திருந்தார்கள். காரணம் எளிது. மோட்டார் வைத்த இயந்திரம் என்றாலும் மோட்டாரை ஓட்டுவது கால் மிதி. கால் வராதவருக்குக் காலால் ஓட்டும் இயந்திரம்!

சரி, மிதியை எடுத்து மேசை விளிம்பில் ஒரு பலகையில் திருகி, முழங்கையால் அழுத்தும்படி வைத்தோம். முதல் நாட்களில் தையல் கோணல்மாணலாக ஓடியது, பிறகு பிடிபட்டது. அடுத்து உட்காரும் பிரச்சினை. உணர்வில்லாத இடுப்போடு மணிக்கணக்காகப் பலகையில் உட்கார்ந்தால் அழுத்தப்புண் வரும். புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். மெத்தை மாற்றி, அரை மணிக்குள் ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கப் பழக்கினோம். இவ்வளவுக்கும் பிறகு தெரிந்த உண்மை என்னவென்றால், அந்த ஊரில் துணி தைக்கக் கொடுப்பவர்களே மிகக் குறைவு. எல்லாரும் ரெடிமேட்தான்.

அவருக்கு நன்றாகத் தெரிந்தது மிளகும் காபியும். கையில் அள்ளினாலே மிளகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தோட்டத்து முதலாளியிடம் பேசி, பறித்து வரும் காபிப் பழத்தை எடை போட்டுக் கணக்கெழுதும் இடத்தில் உட்காரவைத்தோம். ஸ்டோர் வாசலில் இரண்டு படி இருந்தது, சாய்தளம் போட்டார்கள். கழிவறைக் கதவை அகலப்படுத்த வேண்டியிருந்தது, அதற்குத்தான் ரொம்ப நாள் இழுத்தது. சீசன் இல்லாத மாதங்களில் தையல். இந்த ஏற்பாடு ஓடுகிறது. ஆனால் அரசுக் கோப்பில் இவர் எப்போதோ 'பயனாளி' ஆகி முடிந்துவிட்டார். இயந்திரம் வாங்கிய நாளோடு அவர் கணக்கு முடிந்தது.

என் ஆதங்கமே இந்தக் கணக்கின் மேல்தான். எத்தனை இயந்திரம் கொடுத்தோம், எத்தனை பேருக்குப் பயிற்சி என்பதற்கெல்லாம் எண் இருக்கும். அவர்களில் யார் இன்று வேலையில் இருக்கிறார் என்று கேட்டால் பதில் வராது.

இதைக் கேட்பதற்கென்றே சட்டத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 66-ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலத்திலும் ஆலோசனை வாரியம் ஒன்றை அமைக்கச் சொல்கிறது. துறை அமைச்சர் தலைவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கொள்கைக்கு ஆலோசனை சொல்வதோடு அதன் வேலை முடிவதில்லை. சட்டமும் திட்டங்களும் என்ன விளைவைத் தந்தன என்று கண்காணித்து மதிப்பிடுவதும் அதன் பொறுப்பு. இதோடு 19-ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும், சலுகை வட்டியில் கடன் தரவேண்டும், பயிற்சியிலும் சுயதொழிலிலும் என்ன முன்னேற்றம் என்பதைப் பிரித்துப் பதிந்து வைக்கவேண்டும் என்கிறது. அதாவது நான் கேட்கும் கணக்கைச் சட்டமே கேட்கிறது.

வாரியத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சங்கங்கள், தொண்டு அமைப்புகள் சார்பில் பத்துப் பேர் உண்டு. முடிந்தவரை அவர்களே மாற்றுத்திறனாளிகளாக இருக்கவேண்டும், அதில் ஐந்து பேராவது பெண்களாக இருக்கவேண்டும். நல்ல ஏற்பாடு. மாவட்டங்களுக்கு ஐந்து இடம், சுழற்சி முறையில், மாவட்ட நிர்வாகத்தின் பரிந்துரையோடு. உறுப்பினர் பதவிக்காலம் மூன்று வருஷம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். நீங்களே கணக்குப் போடுங்கள், ஒரு சுற்று முடிய இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். சேலத்துக்கு முறை வரும் என்று காத்திருந்தால் இன்று பயிற்சி முடித்தவருக்குத் தலை நரைத்துவிடும். அதனால் 72-ஆம் பிரிவு சொல்லும் மாவட்ட அளவிலான குழுதான் நமக்குக் கைக்கெட்டும் கதவு.

அமெரிக்காவில் இதே வேலைக்கு மாநில மறுவாழ்வு மன்றங்கள் இருக்கின்றன. 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் கீழ் வருபவை. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லவரவில்லை. ஆனால் மூன்று விஷயங்களை நாம் கவனிக்கலாம். உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் மாற்றுத்திறனாளிகளாக, மாநில மறுவாழ்வுத் துறையில் சம்பளம் வாங்காதவர்களாக இருக்கவேண்டும். சேவை பெற்றவர்களின் திருப்தியை மன்றம் ஆராய்ந்து ஆண்டறிக்கை கொடுக்கவேண்டும். இன்னொன்று மன்றத்தின் விதி அல்ல, மறுவாழ்வுத் துறைக்கான விதி: வேலையில் சேர்ந்து குறைந்தது 90 நாள் நீடித்த பிறகுதான் ஒருவரின் கோப்பை 'வேலை கிடைத்தது' என்று மூடலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த 90 நாள். வேலை கைவிட்டுப் போவது பெரும்பாலும் அதற்குள்தான். பஸ் சரிப்படாது, மேஸ்திரி திட்டுவார், கழிவறை இருக்காது, வீட்டில் 'போதும் வா' என்பார்கள். அந்த நாட்களில் ஒரு போன் பண்ணிக் கேட்கிற ஆள் இருந்தால் பாதிப் பேர் தாக்குப்பிடிப்பார்கள் என்பது என் அனுபவம்.

நம் ஊரில் என்ன செய்யலாம்? மனுவில் பொருளை மட்டும் கேட்காதீர்கள். என்ன வேலை தெரியும், எதில் தடை, எந்த மாற்றம் செய்தால் முடியும் என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். அடையாள அட்டை நகலோடு மனுவுக்கு ரசீதும் வாங்கி வையுங்கள். தொழில் திறன் மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னை கிண்டியில் மத்திய அரசின் மையம் இருக்கிறது. ஆனால் சக்கர நாற்காலியோடு சேலத்திலிருந்து அங்கே போய்வருவது எத்தனை பேரால் முடியும்? மதிப்பீடு செய்யும் ஆட்களை மாவட்டத்துக்கு அனுப்பச் சொல்லி மாவட்டக் குழு வழியாகக் கேட்கலாம். அரசு வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று நம் 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்றவேண்டும். இது தெரியாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. அவசரப்பட்டு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலை கொடுப்பவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். தனியார் நிறுவனமும், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி செய்திருக்கிறது என்பதைச் சமவாய்ப்புக் கொள்கையாக எழுதி வெளியிட வேண்டும். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகள் பல சின்னவை, கொள்கை எழுதுவது அங்கே பெரிய பேச்சாகத் தெரியலாம். ஆனால் தரையில் சம்மணம் போட்டு உட்காராமல் உயரமான மேசையில் வேலை செய்யவிட்டாலே செயற்கைக்கால் வைத்தவர் கண்ணி கோர்க்கலாம், பற்றவைக்கலாம். காது கேளாதவருக்கு அந்த மேசைகூடத் தேவையில்லை. மாநில வாரியத்தில் மாநில வணிக, தொழில் சபையின் பிரதிநிதிகளுக்கும் மூன்று இடம் வரை சட்டத்தில் இருக்கிறது. சேலத்து வெள்ளிக்காரர்களும் தறிக்காரர்களும் ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் தங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும், எந்தப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் எடுத்துக்கொள்வார்கள் என்று தங்கள் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுக்கலாம். மனு என்றால் மாற்றுத்திறனாளிகள்தான் எழுதவேண்டும் என்று யார் சொன்னது?