சேசிஸ் இல்லாத மோட்டார் சைக்கிள்

2018 ஜனவரியில் லாஸ் வேகஸ் நகரில் பான்ஹாம்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1951-இல் தயாரான வின்சென்ட் பிளாக் லைட்னிங் ஒன்று 9,29,000 டாலருக்கு விலைபோனது. அதுவரை எந்த மோட்டார் சைக்கிளும் ஏலத்தில் அவ்வளவு விலையைத் தொட்டதில்லை. 1953-இல் ஆஸ்திரேலியாவில் வேகச் சாதனை படைத்த அந்த வண்டி, பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டது. அதே குடும்பத்தில் சாலைக்கென வந்த ரேப்பிட், பிளாக் ஷேடோ ஆகிய வண்டிகளும் பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் ஏலங்களில் முன்வரிசையில் நிற்பவை. அரிதாகக் கிடைப்பதும் பெரும்புகழும் விலைக்குக் காரணங்கள்தான். ஆனால் ஏலத்துக்கு முன் இவ்வண்டிகளைச் சோதிப்பவர்கள் ஏன் மூன்று நான்கு இடங்களில் எண்களைத் தேடிப் படிக்கிறார்கள் என்பது, இவற்றின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். வழக்கமான பொருளில் இந்த வண்டிக்குச் சேசிஸ், அதாவது பாகங்களைத் தாங்கும் தனிச் சட்டகம், கிடையாது.

ஒரு மோட்டார் சைக்கிளில் சேசிஸின் தலையாய வேலை என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். ஹேண்டில்பாரும் முன் ஃபோர்க்கும் திரும்பும் கழுத்துப் பகுதி ஒரு முனை. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் கீல் கொண்டிருக்கும் இடம் மறுமுனை. பிரேக் பிடிக்கும்போதும், பள்ளத்தில் இறங்கும்போதும், வளைவில் சாயும்போதும் இவ்விரு முனைகளையும் ஒன்றுக்கொன்று எதிராக முறுக்கும் விசைகள் எழுகின்றன. அந்த முறுக்கலுக்கு உடல் இடம் கொடுத்தால், இரு சக்கரங்களும் ஒரே தளத்தில் நில்லாமல் வேகத்தில் வண்டி அலையத் தொடங்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து இந்த வேலையைச் செய்ய வைத்தார்கள். என்ஜின் அந்தக் கூட்டுக்குள் ஒரு சுமையாக உட்கார்ந்திருந்தது.

மெல்லிய நீண்ட குழாய் எளிதில் முறுகும். அகன்ற, மூடிய பெட்டி முறுகாது. கிராங்க் தண்டையும் கியர்களையும் அடக்கியிருக்கும் கிராங்க்கேஸ், எரியும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக ஏற்கெனவே தடித்த அலுமினியப் பெட்டியாக வார்க்கப்பட்டிருக்கிறது. அந்த வலிமை கையில் இருக்கும்போது, அதைச் சுற்றி இன்னொரு கூட்டை எதற்காகச் சுமக்க வேண்டும்? இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஸ்டீவனேஜ் ஊரில் இயங்கிய வின்சென்ட் தொழிற்சாலை இந்தக் கேள்விக்கு 1946-இல் ஒரு முழுமையான விடையைச் சாலைக்குக் கொண்டுவந்தது.

அந்த விடை ஒரே நாளில் பிறக்கவில்லை. நிறுவனர் பிலிப் வின்சென்டும் ஆஸ்திரேலியப் பொறியாளர் பில் இர்விங்கும் 1936-இல் வெளியிட்ட முதல் ரேப்பிட், 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் என்ஜினின் பாகங்களை இரட்டித்து, 47.5 பாகைக் கோணத்தில் ஒரே கிராங்க்கேஸின் மேல் நிறுத்திய வண்டி. அதற்குக் குழாய்ச் சேசிஸ் இருந்தது. வெளியே ஓடிய எண்ணெய்க் குழாய்களின் பின்னலைக் கண்டவர்கள் அதைக் குழாய் வேலைக்காரரின் கெட்ட கனவு என்று அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த, பி வரிசை எனப்பட்ட ரேப்பிட்டில் சிலிண்டர்களுக்கு இடையிலான கோணம் 50 பாகை ஆனது. என்ஜினையே வண்டியின் உடலாக்குவதற்கு அந்த மாற்றம் வசதியாக அமைந்தது. சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் 56.5 அங்குலமாகச் சுருங்கியது.

கழுத்திலிருந்து பின்னோக்கி இரும்புத் தகட்டால் ஆன ஒரு பெட்டி உத்தரம் நீள்கிறது. இரண்டு சிலிண்டர்களின் தலைகளும் கீழிருந்து அதனோடு போல்ட் போட்டுப் பூட்டப்படுகின்றன. கியர்பாக்ஸ் கிராங்க்கேஸோடு ஒரே வார்ப்பாக இருப்பதால், ஸ்விங் ஆர்மாக வேலை செய்யும் பின் ஃபோர்க்கின் கீல் அதன் பின்புறத்திலேயே அமைகிறது. பின் ஃபோர்க் முக்கோண வடிவம் கொண்டது; அதன் மேல்முனை இருக்கைக்கு அடியில் உள்ள சுருள்வில்களை அழுத்துகிறது. இந்தப் பின் சஸ்பென்ஷனுக்கு பிலிப் வின்சென்ட் 1928-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆக, முன் பிரேக்கைப் பிடிக்கும்போது கழுத்தில் எழும் விசை உத்தரம், சிலிண்டர் தலைகள், சிலிண்டர்கள், கிராங்க்கேஸ் என்று இறங்கிப் பின் கீலைச் சென்றடைகிறது. எரியும் வாயுவை அடக்கும் அதே உலோகம் சாலையின் அடியையும் வாங்கிக்கொள்கிறது. அந்த உத்தரத்தின் உட்புறம் எண்ணெய்த் தொட்டியாகவும் பயன்படுகிறது என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. ஏறத்தாழ மூன்றரை லிட்டர் எண்ணெய் வண்டியின் முதுகெலும்புக்குள் இருக்கிறது. தனித் தொட்டியின் எடையும் இடமும் மிச்சம்.

என்ஜினைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 84 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட இரு சிலிண்டர்கள் சேர்ந்து 998 சிசி. இரண்டு கனெக்டிங் ராடுகளும் ஒரே கிராங்க் முளையில் பக்கம் பக்கமாக அமர்வதால், சிலிண்டர்களும் ஒன்றைவிட்டு ஒன்று சுமார் 32 மி.மீ. விலகி நிற்கின்றன, முன் சிலிண்டரின் மறைவிலேயே நின்றுவிடாமல் பின் சிலிண்டருக்கும் காற்று கிடைக்க இது உதவுகிறது. கோணம் 50 பாகை என்பதால் வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழ்வதில்லை. கிராங்க் தண்டு 310 பாகை சுழன்றதும் ஒரு வெடிப்பு, அடுத்தது 410 பாகைக்குப் பிறகு. இந்த வண்டியின் நடைபோடும் ஒலி இந்தச் சமமின்மையிலிருந்து பிறப்பது.

1948-இல் வந்த பிளாக் ஷேடோ, 45 குதிரைத்திறன் கொண்ட ரேப்பிட் என்ஜினை 55 குதிரைத்திறனுக்கு உயர்த்தி, மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலான வேகத்தைச் சாலை வண்டிக்குக் கொடுத்தது. அதன் என்ஜின் கறுப்பு எனாமல் பூசிச் சூளையில் சுடப்பட்டது. மெருகேற்றிய அலுமினியத்தைவிடக் கறுப்புப் பரப்பு வெப்பத்தை நன்றாகக் கதிர்வீசும் என்பது இயற்பியல் உண்மையே. ஆயினும் ஓடும் வண்டியில் பெரும்பகுதி வெப்பத்தைக் கொண்டுபோவது காற்றுதான்; ஆகவே கறுப்புப் பூச்சின் பயனை அரிப்பிலிருந்து காப்பதிலும் கண்ணைக் கவர்வதிலும் தேடுவதே சரி என்று நினைக்கிறேன்.

அந்தக் கறுப்பு ஏலத்தில் ஒரு சிக்கலையும் உண்டாக்குகிறது. ரேப்பிட்டுக்கும் ஷேடோவுக்கும் அடிப்படை உடல் ஒன்றே என்பதால், கறுப்புப் பூசி 150 மைல் வரை குறித்த ஐந்து அங்குல ஸ்பீடோமீட்டரைப் பொருத்திவிட்டால், சாதாரண ரேப்பிட்டும் பார்வைக்கு ஷேடோவாகிவிடும். இங்கேதான் எண்கள் பேசுகின்றன. ஷேடோ என்ஜினின் எண் எஃப்10ஏபி/1பி என்று தொடங்கும். ரேப்பிட்டின் எண்ணில் 1-க்குப் பின் வரும் அந்தப் ‘பி’ இராது. ஒரே சேசிஸ் இல்லாததால் மேல் உத்தரத்திலும் பின் ஃபோர்க்கிலும் தனித்தனியே எண் பொறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து ஒன்றாக வெளிவந்த வண்டியில் இவ்விரண்டும் ஒத்திருக்கும். இந்த இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில், உத்தரத்தின் எண்ணிலிருந்து 1900-ஐக் கழித்தால் என்ஜின் எண் கிடைக்கும். உத்தரத்தில் 12345 என்றிருந்தால் என்ஜினில் 10445 இருக்க வேண்டும்.

கிராங்க்கேஸின் இரு பாதிகளிலும் இணை எண் ஒன்று தனியாக உண்டு. கிராங்க் தண்டின் தாங்கிகள் (பேரிங்குகள்) அமரும் துளைகள் நேர்கோட்டில் அமைய இரு பாதிகளும் ஜோடியாகவே கடைசல் செய்யப்பட்டவை என்பதால், வேறொரு ஜோடியின் பாதியைக் கொண்டுவந்து பொருத்தினால் கிராங்க் தண்டு நேராக அமரும் என்று நம்ப முடியாது. வண்டியின் உடலே அந்தப் பெட்டிதான் என்னும்போது, அதன் இரு பாதிகளும் பிறந்தது முதல் சேர்ந்திருந்தவையா என்று பார்க்கத்தான் சோதிப்பவர் விளக்கோடு குனிகிறார்.